பெயரைச் சொன்னால் வழக்கேடு கிடைக்காது

கொழும்பு புதுக்கடையில் நீதிமன்ற அலுவலக யன்னல் எதன் முன்னால் போய் நின்றாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "நடு அங்கய?" சிங்களத்தில் வழக்கு இலக்கம் என்று பொருள். போன மாதம் எனக்கு முன்னால் நின்ற அம்மா மகனின் பெயரைச் சொன்னார். உள்ளே இருந்தவர் திரும்பவும் அதையே கேட்டார். அம்மா மகனின் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னார், கொட்டாஞ்சேனையில் வைத்துப் பிடித்தார்கள் என்றார், வருடத்தைச் சொன்னார், பிறகு பொலித்தீன் பையிலிருந்து மகனின் படத்தையே எடுத்து நீட்டினார். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கெட்டவரில்லை. படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் கூரை வரை அடுக்கியிருந்த கோவைகளைக் கையால் காட்டினார். வேறு என்னதான் செய்வார்?

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் இருக்கும் நீதிமன்ற ஆவணங்களைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. மொழிபெயர்க்க ஆவணம் வேண்டும். ஆவணத்தை எடுக்கத்தான் ஆட்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். கனடா விசாவுக்கு, வெளிநாட்டில் நடக்கும் அகதி வழக்குக்கு, வேலைக்கு, பிணை நின்ற காசைத் திரும்ப எடுக்க, செத்துப்போன தம்பியின் வழக்கு என்னவாயிற்று என்று தெரிந்துகொள்ள. சில வேளை மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாகவே நடக்க வேண்டும். பாலியல் விடயங்கள், குடும்ப விவகாரம், தேசியப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக மட்டும் நீதிபதி ஆட்களை வெளியே அனுப்பலாம். ஆகவே கொழும்பில் எந்த நீதவான் நீதிமன்றத்துக்குள்ளும் நீங்கள் போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்து கேட்கலாம். தொலைபேசியை நிறுத்தி வைத்துவிட்டு, ஒழுங்காக உடுத்திக்கொண்டு போனால் போதும். ஆனால் காதால் கேட்பது வேறு, கடதாசியைக் கையில் வாங்குவது வேறு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் நீதிமன்றப் பதிவுகளைப் பகிரங்க ஆவணங்கள் என்கிறது (74ஆம் பிரிவு). 76ஆம் பிரிவு, கட்டணத்தைக் கட்டினால் அவற்றின் உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுக்க வேண்டும் என்கிறது. எல்லாருக்குமா? இல்லை. பார்வையிட உரிமை உள்ள ஆளுக்கு. முழுப் பிரச்சினையும் இந்த ஒரு சொற்றொடருக்குள்தான் கிடக்கிறது.

யாருக்கு அந்த உரிமை என்பதில் சந்தேகநபர், குற்றஞ்சாட்டப்பட்டவர், முறைப்பாட்டாளர் பற்றிப் பெரிதாகச் சிக்கல் வராது. பாதிக்கப்பட்டவரும் இப்போது வெறும் சாட்சி மட்டும் இல்லை. 2015இல் வந்த, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் அவருக்கென்று உரிமைகளைக் கொடுத்திருக்கின்றன. மூன்றாம் ஆள் என்றால் அந்தப் பிரதி தனக்கு ஏன் தேவை என்று சொல்ல வேண்டிவரும். நடைமுறையில் எல்லாருக்கும் வழி ஒன்றுதான்: சட்டத்தரணி ஒருவர் ஒரு பக்கத்தில் நகர்த்தல் பத்திரம் எழுதிப் போடுவார். 'மோஷன்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது நீதவான் முன்னால் போகும், அவர் அனுமதித்துக் குறிப்பு எழுதுவார், கட்டணம் கட்டுவீர்கள், பிறகு கோவையைத் தேடி எடுத்துப் பிரதி பண்ணி, பதிவாளர் ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்திக் கையெழுத்திட்டுத் தருவார்கள். அந்த முத்திரை இல்லாத போட்டோப்பிரதியைக் கொண்டுவந்து மொழிபெயர்த்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. செய்து கொடுக்கலாம்தான். தூதரகத்தில் ஏற்க மாட்டார்கள்.

அந்த மோஷனின் தலையில் மூன்று விடயம் இருக்க வேண்டும்: எந்த நீதிமன்றம், எந்த இலக்கம், கடைசியாக எந்தத் திகதியில் கூப்பிட்டார்கள். இந்த மூன்றில் இரண்டாவது இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. முதலாவதும் மூன்றாவதும் மட்டும் இருந்தால் அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து இலக்கத்தைப் பிடிக்கலாம். பெயர் மட்டும் இருந்தால் அந்த அம்மாவின் நிலைதான். மாவட்டம் முழுக்கப் பெயரைத் தட்டித் தேடும் வசதி பொதுமக்களுக்கு இல்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் உயர் நீதிமன்றத்தினதும் தீர்ப்புகள் அவற்றின் இணையத்தளங்களில் கிடக்கின்றன, இலவசமாக இறக்கலாம். கீழே உள்ள நீதவான் நீதிமன்றத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆட்களுக்குத் தேவைப்படுவதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

இங்கே ஒரு சொல் விளக்கம். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். கொலை, பெரிய போதைப்பொருள் வழக்குகள் நடப்பது மேல் நீதிமன்றத்தில். தமிழ்நாட்டில் மெட்ராஸில் இருப்பதைத்தான் உயர் நீதிமன்றம் என்கிறார்கள். சென்னையில் மலிவாக மொழிபெயர்த்து வாங்கிய ஆவணம் ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லி ஒருவர் கொண்டுவந்தார். அதில் சாதாரண மேல் நீதிமன்ற வழக்கு ஒன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஏறிப் போயிருந்தது. நீதவான் அதில் 'நடுவர்' ஆகியிருந்தார். கிரிக்கெட் ஞாபகம் வந்தது.

சரி, இலக்கத்துக்கு வருவோம். இலக்கம் ஒன்றில்லை என்பதுதான் ஆட்களுக்கு விளங்காத விடயம். ஒரே சம்பவத்துக்கு நாலைந்து இலக்கம் இருக்கும். பொலிஸுக்குப் போய் முறைப்பாடு செய்தவுடன் அது தகவல் புத்தகத்தில் ஏறும். அங்கே ஒரு இலக்கம், பக்கம், பந்தி. ஆளைப் பிடித்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும்; அப்போது பொலிஸார் கொடுப்பது பி அறிக்கை. பி என்ற எழுத்தோடு ஒரு எண், சரிவுக்கோடு, வருடம். விசாரணை முடியாத வரை வழக்கு இந்தப் பெயரில்தான் ஓடும், வருடக்கணக்கிலும் ஓடும். சின்னக் குற்றமென்றால் பிறகு பொலிஸார் அந்த நீதிமன்றத்திலேயே குற்றச்சாட்டைத் தாக்கல் செய்வார்கள்; அதற்கு வேறு இலக்கம் விழும். பெரிய குற்றமென்றால் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும், அவர் குற்றப்பகர்வுப் பத்திரத்தை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புவார், அங்கே இன்னொரு இலக்கம். மேன்முறையீடு செய்தால் மேலும் ஒன்று. இவற்றுக்கு இடையில் ஒரு இலக்கத்தைப் பார்த்து அடுத்ததை ஊகிக்க எந்த வழியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கோவையிலும் அதற்கு முந்தியதின் இலக்கம் எங்கேயாவது எழுதியிருக்கும். ஆகவே பின்னால் நடந்துபோவது சுலபம், முன்னால் போவதுதான் கஷ்டம்.

'கோவை இல்லை' என்ற பதிலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தொலைந்துபோனது என்று பயப்படுகிறார்கள். கோவை மேலே ஏறிப் போயிருக்கும், அவ்வளவுதான். மேல் நீதிமன்றத்திலோ சட்டமா அதிபரிடமோ மேன்முறையீட்டிலோ இருக்கும் ஒன்றை நீதவான் நீதிமன்றப் பதிவறையில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது. உண்மையிலேயே பழைய கோவை அழிந்துபோயிருப்பதும் உண்டு. எல்லாவற்றையும் எல்லாக் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. 2020 டிசெம்பரில் உயர் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் தீப்பிடித்த அன்று இரவு எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே கேள்விதான்: "கோவை எரிஞ்சு போச்சா?" வழக்கேடுகளுக்குச் சேதமில்லை என்று அறிவித்தார்கள். ஆட்கள் இரண்டு மூன்று நாளைக்கு நம்பவில்லை.

இலக்கம் கையில் இல்லாதவருக்கு நான் முதலில் சொல்வது, நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள், வீட்டு அலுமாரியைத் திறவுங்கள் என்றுதான். ஆள் விளக்கமறியலில் இருந்தவர் என்றால் சிறையில் பார்க்கப் போன காலத்தில் ஏதாவது துண்டு தந்திருப்பார்கள். விளக்கமறியல் கட்டளையில் வழக்கு இலக்கமும் அடுத்த தவணையும் இருக்கும். மெகசின் சிறையிலோ வெலிக்கடையிலோ ஆளைத் தேடுவதும் அந்த விவரத்தை வைத்துத்தான். காசுப் பிணை கட்டியிருந்தால் பற்றுச்சீட்டில் இலக்கம் இருக்கும். ஆள் பிணை என்றால் கையெழுத்துப் போட்ட மாமாவிடமோ அயல்வீட்டுக்காரரிடமோ கேட்கலாம். பிணை நின்றவர் அந்தக் கடதாசியைத் தன் காணி உறுதியோடு சேர்த்து வைத்திருப்பார், சந்தேகமே வேண்டாம். வாகனத்தையோ கைத்தொலைபேசியையோ சான்றுப்பொருளாக எடுத்திருந்தால் அதற்கும் பற்றுச்சீட்டு உண்டு. முன்பு பேசிய சட்டத்தரணியின் குமாஸ்தாவை மறக்கக் கூடாது. சட்டத்தரணிமார் வழக்கை மறந்துவிடுவார்கள். குமாஸ்தாவின் நாட்குறிப்பேட்டில் திகதி இருக்கும்.

அலுமாரியிலும் இல்லையென்றால் பத்திரிகை. நம்முடைய பத்திரிகைகளில் வரும் நீதிமன்றச் செய்தியை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள்: "கொழும்பு மேலதிக நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்தப்பட்ட சந்தேகநபரை எதிர்வரும் 14ஆம் திகதி வரை விளக்கமறியலில் வைக்குமாறு உத்தரவிடப்பட்டது." சாதாரண வாசகருக்கு இது செய்தி. தேடுபவருக்கு இது முகவரி. எந்த நீதிமன்றம் என்று தெரிந்துவிட்டது. அடுத்த தவணை 14 என்பதும் தெரிந்துவிட்டது. அந்தத் திகதியின் பட்டியலில் அந்த ஆள் இருந்தே ஆக வேண்டும். வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வருகின்றன. பழைய இதழ்களைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பார்க்கலாம். வழக்கு நடந்த மாதம் மட்டும் ஞாபகத்தில் இருந்தால்கூட ஒரு காலைப்பொழுதில் புரட்டிவிடலாம்.

எந்த நீதிமன்றம் என்பதிலும் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். கொழும்பு வழக்கு என்றால் புதுக்கடை என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். புதுக்கடையில் பெரிய தொகுதி இருப்பது உண்மைதான். 1656இல் கொழும்பை முற்றுகையிட்ட ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்ட் முகாம் போட்டிருந்த இடம் என்பதால் ஹல்ஸ்டோர்ப் என்று பெயர் வந்தது. நம்மவருக்குப் புதுக்கடை, சிங்களத்தில் அளுத்கடே, இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால் நீதவான் நீதிமன்றங்கள் பிரிந்து கிடக்கின்றன. கோட்டை நீதவான் நீதிமன்றம் தனி. மருதானை, தெமட்டகொடைப் பக்கம் என்றால் மாளிகாகந்தை. காலி வீதியில் தெஹிவளைக்குப் போய்விட்டால் கல்கிசை. நுகேகொடைப் பக்கம் கங்கொடவில. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது இதில் கணக்கில்லை. சம்பவம் எந்தப் பொலிஸ் பிரிவில் நடந்தது, எந்தப் பிரிவினர் பிடித்தார்கள் என்பதுதான் கணக்கு. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் போன்ற விசேட பிரிவுகள் பிடித்திருந்தால், சம்பவம் வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் கொழும்பில் அறிக்கை போட்டிருக்கலாம்.

இந்தக் கடைசி வசனம் தமிழருக்கு மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ பிடிபட்ட எத்தனையோ பேரின் முதல் நீதிமன்றக் கடதாசி கொழும்பில் இருக்கிறது. இன்னும் சிலருக்கு எங்கேயுமே இல்லை. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி அமைச்சரின் தடுப்புக் கட்டளையில் ஒருவரை வைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் அவர் நீதவான் முன் போகாமலே நாட்கள் கழிந்திருக்கும். 2011 ஓகஸ்டில் காலாவதியாகும் வரை அவசரகால ஒழுங்குவிதிகளும் இருந்தன. இப்படி வைத்திருந்து, குற்றம் ஒன்றும் சாட்டாமல் விட்டுவிட்ட ஆளுக்கு வழக்கேடு எங்கிருந்து வரும்? வெளிநாட்டில் இருக்கும் சட்டத்தரணி 'கோட் பேப்பர்' அனுப்பச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதுவார். இங்கே குடும்பம் புதுக்கடையில் அலையும். இல்லாத ஆவணத்தைத் தேடுகிறோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தேட வேண்டியது தடுப்புக் கட்டளையின் பிரதி, அல்லது விடுவித்தபோது கொடுத்த கடிதம். அவை நீதிமன்றத்தில் இருப்பவை அல்ல.

கோவைக்குள் என்ன இருக்கும் என்று பார்த்திராதவர்களுக்காக. நாடாவால் கட்டிய மட்டை. திறந்தவுடன் நாளேட்டுக் குறிப்புகள்: ஒவ்வொரு தவணைக்கும் ஒரு திகதி, அதன் கீழே யார் வந்தார்கள், யார் வரவில்லை, கட்டளை என்ன. கையெழுத்தில், மூன்று நாலு வரி. "சந்தேகநபர் சிறையிலிருந்து முன்னிலைப்படுத்தப்பட்டார். மேலதிக அறிக்கை. விளக்கமறியல் நீடிப்பு. அழைப்பு 28." இந்த மாதிரிப் பக்கம் பக்கமாக. நீதவான் மாறும்போது கையெழுத்து மாறும். அதன் கீழே முதல் பி அறிக்கை, மேலதிக அறிக்கைகள், சட்ட வைத்திய அறிக்கை, சான்றுப்பொருள் பட்டியல், மோஷன்கள், பிணைமுறி. முழுக் கோவையையும் பிரதி எடுக்கத் தேவையில்லை. பெரும்பாலான தேவைகளுக்கு நாளேட்டுக் குறிப்புகள், முதல் பி அறிக்கை, இறுதிக் கட்டளை மூன்றும் போதும். மோஷனிலேயே அப்படிக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். முழுக் கோவையையும் கேட்டு, நானூறு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மொழிபெயர்ப்புக் கூலியைக் கேட்டுத் திகைத்துப்போய் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் சிங்களத்தில் இருக்கும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள்தான். ஆனால் தமிழ் நிருவாக மொழியாக இருக்கும் பகுதிகளைத் தவிர்ந்த இடங்களில் சிங்களத்தில் நடவடிக்கை நடக்கும், பதிவும் அந்த நீதிமன்றத்தின் மொழியில் இருக்கும். கொழும்பில் அது சிங்களம். அதே உறுப்புரையின் மூன்றாம் பந்தியை மட்டும் ஏனோ யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. நீதிமன்ற மொழி தெரியாத தரப்பாளருக்கு அரசே உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கொடுக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை: சட்டப்படி பெறக்கூடிய பதிவின் பகுதியைத் தன் மொழியில் பெறவும் அவருக்கு உரித்து உண்டு. இதைச் சொன்னால் என் தொழிலுக்கு நட்டம், ஆனாலும் சொல்கிறேன். வழக்கில் நீங்கள் ஒரு தரப்பு என்றால் தமிழ்ப் பிரதி கேட்டு மோஷன் போடலாம். கேட்பவர் மிகக் குறைவு. காத்திருக்க நேரமில்லாதவர்கள் கேட்காமலே எங்களிடம் வருகிறார்கள், நாங்களும் வாங்கிக்கொள்கிறோம்.

மொழியைவிடப் பெரிய தலையிடி பெயர். கனகரத்தினம் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஒரே 'க'. சிங்களத்தில் எழுதும் பொலிஸ்காரர் காதில் விழுந்தபடி எழுதுவார். ஒரு அறிக்கையில் நடு எழுத்து 'க' ஒலியோடும் அடுத்ததில் மெலிந்த ஒலியோடும் இருக்கும். கடைசியில் 'தினம்' ஒரு இடத்தில் 'த்னம்' ஆகும். கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்துக்கூட்டல். அப்புறம் தகப்பன் பெயர் முன்னால் வருவதும் பின்னால் வருவதும். சில கோவைகளில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர் போட்டு நடுவில் 'ஹெவத்' என்று எழுதியிருக்கும். 'எனப்படும்' என்று பொருள். விசா அதிகாரி அதைப் பார்த்தால் இந்த ஆளுக்கு ஏன் இத்தனை பெயர் என்று யோசிப்பார். நம் வீட்டில் கூப்பிடும் பெயர் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே பிரதி கையில் கிடைத்தவுடன் பெயரையும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் முதலில் பாருங்கள். அட்டை இலக்கம் சரியாக இருந்தால் பெயரில் உள்ள கோணலைச் சமாளிக்கலாம். இரண்டும் பிழை என்றால் முன்பு பேசிய சட்டத்தரணியிடம் திரும்பப் போக வேண்டியதுதான்.

நீதிமன்றப் பதிவையும் பொலிஸ் பதிவையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். வெளிநாட்டுக்குப் போக எடுக்கும் பொலிஸ் நற்சான்றிதழ் பொலிஸ் தலைமையகம் கொடுப்பது. அது பொலிஸார் தங்களிடம் வைத்திருக்கும் பதிவுகளைப் பார்த்துச் சொல்லும் பதில். நீதிமன்றத்தில் ஆள் விடுதலையானது அந்தப் பதிவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காவிட்டால் சான்றிதழ் இழுபடும். அந்த இடத்தில் விடுதலைக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதி உதவும். இன்னொன்று: விடுதலை என்று வீட்டில் சொல்வதெல்லாம் ஒன்றில்லை. பிணையில் வந்ததையே விடுதலை என்று சொல்பவர்கள் உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி தண்டனை ஒத்திவைக்கப்பட்டால் ஆள் வீட்டுக்கு வருவார், ஆனால் அவர் குற்றவாளிதான். 306ஆம் பிரிவின்படி குற்றத் தீர்ப்பு எழுதாமலே விடுவிப்பதும் இருக்கிறது. மூன்றும் அம்மாமாருக்கு ஒன்றுதான், பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. விசாப் படிவத்தில் மூன்றுக்கும் மூன்று பதில். எழுதுவதற்கு முன் கட்டளையைப் படியுங்கள், அல்லது தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவாதா என்று கேட்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்றங்களும் அதில் பகிரங்க அதிகாரசபை என்ற வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன. ஆனால் வழக்கேட்டையே அந்த வழியால் எடுக்கப் பார்ப்பது வாசல் இருக்க யன்னலால் ஏறுவது மாதிரி. நீதித்துறையின் பக்கச்சார்பின்மைக்குப் பங்கம் வரும் என்றோ குற்ற விசாரணைக்கு இடைஞ்சல் என்றோ அந்தரங்கம் என்றோ 5ஆம் பிரிவில் மறுக்க இடம் இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைப்பது வேறொன்றுக்கு: பொலிஸ் நிலையத்திடம் சின்னக் கேள்வி கேட்க. இன்ன திகதியில் இன்னார் செய்த முறைப்பாடு எந்த நீதிமன்றத்துக்கு, எந்த இலக்கத்தில் அறிக்கை செய்யப்பட்டது? அவ்வளவுதான். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும், 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கோவையைக் கேட்டால் மறுப்பார்கள். இலக்கத்தைக் கேட்டால் மறுக்கக் காரணம் குறைவு. விண்ணப்பிப்பவர் இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். கனேடியக் கடவுச்சீட்டு எடுத்து இலங்கைப் பிரசாவுரிமையை விட்டுவிட்ட அண்ணன் தன் பெயரில் போடாமல், இங்கே இருக்கும் தங்கச்சியைக் கொண்டு போடுவிக்கட்டும்.

மாப்பிள்ளை விடயத்துக்கு வருகிறேன். பெயரைத் தட்டினால் வழக்கெல்லாம் வந்து கொட்டும் வசதி இல்லையே என்று சலித்துக்கொள்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னொருவரைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். வாடகைக்கு வரும் பெடியன், கடைக்கு வேலைக்கு வந்தவன், பெண் கேட்டு வந்த குடும்பம். அந்தப் பூட்டு இருப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. வெள்ளவத்தையில் லொட்ஜ் சோதனையில் ஒரு இரவு அள்ளிக்கொண்டு போய், மறுநாள் நீதவான் முன் விட்டுவிட்ட பெடியன்கள் எத்தனை பேர்! அவர்களின் பெயர் ஒரு பி அறிக்கையில் இன்னும் கிடக்கிறது. அதைத் தேடுபொறியில் போட்டால் யாருக்கு என்ன நன்மை? பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவில் குற்றம். சிறுவர் வழக்குகளிலும் பெயர் வெளியிடத் தடை உண்டு. ஆனால் அந்தப் பூட்டு, தன் சொந்த வழக்கையே தேடி வரும் ஆளின் மூஞ்சியிலும் அடைபடுகிறது. அதற்குச் சமாதானம் சொல்ல என்னால் முடியவில்லை. தேசிய அடையாள அட்டையைக் காட்டினால் அந்த ஆளின் பெயரில் இந்த நீதிமன்றத்தில் உள்ள இலக்கங்களைச் சொல்லும் ஒரு யன்னல் வைத்தாலே போதும், கணினிகூடத் தேவையில்லை. ஒரு பதிவேடும் ஒரு ஆளும்.

செலவு பற்றி: நீதிமன்றத்துக்குக் கட்டும் கட்டணம் பெரிதில்லை, சட்டத்தரணியின் கட்டணம்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மோஷனுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், பிரதி கைக்கு வரும் வரை அதற்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அதன் தலைமை அலுவலகமும் புதுக்கடையில்தான். ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பரில் நீதிமன்ற விடுமுறைகள் வரும். விசாத் திகதியை வைத்துக்கொண்டு டிசெம்பர் நடுப்பகுதியில் ஓடிவருபவர்களுக்கு நான் தேநீர் மட்டும்தான் கொடுக்கலாம்.

அந்த அம்மாவை வெளியே மரநிழலில் இருத்தி, பிணை யார் நின்றது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அவற்ற சித்தப்பா, மட்டக்குளியில" என்றார். மூன்றாம் நாள் சித்தப்பாவோடு வந்தார். நான்காக மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த பற்றுச்சீட்டு. பி இலக்கம் தெளிவாக இருந்தது. யன்னலில் கொடுத்தோம். உள்ளே போய்க் கால் மணித்தியாலம் கழித்து வந்தவர் கோவை இங்கே இல்லை, மேல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது என்றார். அம்மாவின் முகம் வாடியது. யன்னலில் இருந்தவர் ஒரு துண்டுக் கடதாசியைக் கிழித்து, தன் பதிவேட்டைப் பார்த்து, மேல் நீதிமன்ற இலக்கத்தை எழுதி நீட்டினார். சித்தப்பா அதைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு திரும்ப எடுத்து அம்மாவிடம் கொடுத்து, "நீயும் ஒருக்கா எழுதி வை, அண்ணி" என்றார்.